உளையுது பிள்ளை

கிள்ளான்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள புனிதவதி ஆன்டி,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. அதனால் நேரே சொல்லிவிடுகிறேன். நான் தாமரை. பெட்டாலிங் ஜெயா மருத்துவமனையின் நான்காவது மாடியில், போன மாதம் ஐந்தாம் தேதி உங்களுக்கு அந்தச் சிவப்பு மருந்தை ஏற்றிய நர்ஸ்.

போனில் பேசத்தான் பார்த்தேன். பதினொரு தடவை அடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து உங்கள் போன் என்னை உள்ளேயே விடவில்லை. சரி, தடுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். மருத்துவமனையிலிருந்து அடித்தாலும் எடுப்பதில்லையாம். எங்கள் தலைமை நர்ஸ் சிஸ்டர் நோராய்னியிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கடைசியாக நான் கடிதம் எழுதியது பள்ளி முடிக்கும்போது எழுதிய எஸ்.பி.எம். தேர்வின் தமிழ்த் தாளில். அதிலும் பாதி மதிப்பெண்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டி, நீங்கள் மார்ச் 26ஆம் தேதி அடுத்த சுற்றுக்கு வரவில்லை. ஆறு சுற்றில் இரண்டுதான் முடிந்திருக்கிறது. மார்பிலிருந்த கட்டியை எடுத்தாயிற்று, உண்மைதான். ஆனால் உடம்பில் வேறெங்காவது ஒளிந்திருப்பதை அழிக்கத்தான் இந்த மருந்து. கைக்காயம் ஆறும்வரை பொறுக்கலாம், மே மாதத்தைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் விமலன் சொல்கிறார். தாண்டினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கைக்கு நடந்ததைப் பற்றியும் எழுத வேண்டும். மருந்து நரம்புக்குள் ஓடாமல் வெளியே கசிந்து சதையில் இறங்கிவிட்டது. அந்த மருந்து சதையைச் சுட்டுவிடும். ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் முன்னால் இரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்த்தேன். வந்தது. "வலிக்குதா ஆன்டி?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்றீர்கள். உங்களுக்குக் குளிர்கிறதே என்று கையின்மேல் சால்வையைப் போர்த்தினேன். அதை விலக்கி ஊசி இருக்கும் இடத்தைப் பார்க்காதது என் தப்பு. பார்த்தபோது எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. அந்தத் தப்பை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

திரும்பி வாருங்கள். என்னிடம் வர வேண்டாம். இப்போது எனக்கு வார்டில் வேலையும் இல்லை, விசாரணை முடியும்வரை ஃபைல் அடுக்க வைத்திருக்கிறார்கள். உங்களை வேறு நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தாமரை பக்கிரிசாமி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
9.4.2024

தாமரை அவர்களுக்கு,

வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடுவது என் வழக்கமில்லை. இந்தப் பதிலுக்கு அதற்கு மேல் பொருள் எடுக்க வேண்டாம். எழுத்து கோணலாக இருக்கும். கட்டுப் போட்ட கையால் எழுதுகிறேன். இடது பக்கம் நிணநீர்க் கட்டிகளை எடுத்ததால் அந்தக் கையில் ஊசி கூடாது என்றீர்கள். ஊசிக்கென்று மிஞ்சியிருந்தது இந்த ஒரு கைதான். அதன் நிலை உமக்குத் தெரியும்.

நான் முப்பத்தொரு வருடம் பிறப்புப் பதிவுப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எந்தக் காகிதத்தையும் வாசிக்காமல் விடமாட்டேன். என்னுடைய மருத்துவக் குறிப்பின் பிரதியை எழுதிக் கேட்டு வாங்கினேன். மார்ச் ஐந்தாம் தேதி, பதினொன்றே காலுக்கு நீர் எழுதியிருப்பது இது: "வலி பூச்சியம். நோயாளி பதற்றமாக இருக்கிறார். ஆறுதல் கூறப்பட்டது." கீழே உமது கையொப்பம்.

பதற்றமா? யாருக்குப் பதற்றம்? கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள் நான். மார்பை அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, நானே கார் ஓட்டி வீட்டுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள்.

நான் உம்மிடம் இரண்டு தரம் சொன்னேன். வாய்விட்டு, தமிழில் சொன்னேன். "எனக்கு உளையுது பிள்ளை" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நல்லா உளையுது" என்றேன். நீர் என்ன செய்தீர்? என் தோளைத் தட்டி, "பயப்படாதீங்க ஆன்டி, நல்லதையே நினைங்க, இன்னும் ரெண்டே சிரிஞ்ச்தான் லா" என்றீர். இதைத்தான் ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர் போலும்.

பெர்த் நகரில் இருக்கிற என் மகன் கௌசிகன் வழக்கறிஞரைப் பார் என்று தினமும் சொல்கிறான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உமக்குச் சொல்லும் பதில் இதுதான். நான் வரமாட்டேன். சொன்னால் கேட்காத இடத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது. எனக்கு அறுபத்தாறு வயது. இருக்கிற காலம் போதும்.

புனிதவதி தம்பு


கிள்ளான்,
15 ஏப்ரல் 2024

அன்புள்ள ஆன்டி,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உலையுது என்றீர்கள். மன உலைச்சல் என்றுதானே சொல்கிறீர்கள், அதற்குத்தானே ஆறுதல் சொன்னேன், அதற்குமா குற்றம் என்று நினைத்தேன்.

நாலாவது தடவை படிக்கும்போதுதான் ஏதோ இடறியது. ஏன் இரண்டாம் தடவை "நல்லா உலையுது" என்றீர்கள்? மனக்கவலையை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களே?

காப்பாரில் இருக்கும் அம்மாவைக் கேட்டேன். "மனசு உலையுதும்பாங்க, வேற என்ன?" என்றார். என்னோடு வேலை செய்யும் மலரும் அதையேதான் சொன்னாள். பிறகு மருந்தகத்தில் இருக்கிற நிரஞ்சனியிடம் போனேன். அவர் உங்களைப் போல யாழ்ப்பாணத்துக் குடும்பம். கேட்டதும் சிரித்தார். "கை உலையும், கால் உலையும். எங்கட அப்பா பத்துப் படி ஏறினாலே கால் உலையுது எண்டு இருந்திடுவார்" என்றார். "ஏன் கேக்கிறீர்?" என்று என் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஆன்டி, நீங்கள் கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். எலும்போடு சேர்த்து யாரோ பிழிவதுபோல இருக்கிறது, உள்ளே என்னமோ நடக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை நான் மனசு என்று எடுத்துக்கொண்டேன். அந்த நிமிடமே நிறுத்தியிருந்தால் கசிந்தது ஒரு சொட்டோ இரண்டு சொட்டோதான் இருந்திருக்கும். மருந்தகத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தமிழ் தெரிந்த நர்ஸ் என்றுதான் உங்களை என்னிடம் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது. மலாய்க்கார நர்ஸாக இருந்திருந்தால், புரியவில்லை ஆன்டி, எங்கே என்று காட்டுங்கள் என்று கேட்டிருப்பார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்ததால் நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வலிக்குதா என்று நான் கேட்டபோது ஏன் இல்லை என்றீர்கள்?

தாமரை


பிரிக்ஃபீல்ட்ஸ்,
20.4.2024

தாமரைப் பிள்ளைக்கு,

முதலில் ஒன்று. உலையில் வேகிறது சோறு. நான் சொன்னது உளைவு. கடிதம் முழுக்க என் கையை அடுப்பில் ஏற்றிவிட்டீர். அந்தத் தமிழ்த் தாளில் உமக்குப் பாதி மதிப்பெண் போட்டவர் தாராளமான மனிதர்.

கேட்ட கேள்விக்குப் பதில். எங்கள் வீட்டுப் பேச்சில் நோகுது என்போம். வலிக்குது என்றால் எனக்கு விளங்காமலில்லை, பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் வலி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிற அளவில் இருப்பது என்றுதான் என் மனதில் படிந்திருக்கிறது. எனக்கு அப்படி இருக்கவில்லை. உளைந்தது. ஆகவே இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நீர் அழுதது எனக்குக் கவலைதான். ஆனால் இரக்கம் வேறு, பதிவு வேறு.

என் வேலையில், பிள்ளையின் பெயரைப் பிழையாகச் சொல்லிப் பதிந்துவிட்டுப் பத்து வருடம் கழித்து வந்து நிற்பார்கள். மலர்விழி காகிதத்தில் மாலாவிழியாக இருப்பாள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அதை அழிச்சிட்டு எழுதுங்க மேடம்." நான் ஒருநாளும் அழித்ததில்லை. பிழை பிழையாகவே இருக்க வேண்டும். அதன் கீழே சரியானதை எழுதி, தேதி போட்டு, யார் எழுதியது என்று கையொப்பம் வைக்க வேண்டும். அப்போதுதான் அது நம்பக்கூடிய காகிதம்.

நான் திரும்பி வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை. என் குறிப்பில் "நோயாளி பதற்றமாக இருக்கிறார்" என்று இருக்கிறதே, அதன் கீழே நடந்ததை எழுதும். நோயாளி கை உளைகிறது என்று இரண்டு தரம் சொன்னார், எனக்கு விளங்கவில்லை என்று எழுதும். உமது பெயரைப் போடும். நான் செத்த பிறகு அந்தக் காகிதம்தான் இருக்கும். அதில் நான் பயந்தாங்கொள்ளியாக இருக்க மாட்டேன்.

கௌசிகனிடம் இதைச் சொல்லவில்லை. வழக்குப் போடமாட்டேன் என்றும் உமக்கு வாக்குத் தரமாட்டேன். வாக்குக் கொடுத்து வாங்குகிற உண்மை எனக்கு வேண்டாம்.

புனிதவதி


கிள்ளான்,
24 ஏப்ரல் 2024

ஆன்டி,

நீங்கள் கேட்பது சின்ன விஷயமில்லை. விசாரணை மே ஆறாம் தேதி. இதுவரை அவர்கள் கையில் இருப்பது, சால்வையை விலக்கிப் பார்க்கவில்லை என்ற ஒரு தப்பு. அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடும் என்கிறார்கள். நோயாளி இரண்டு தடவை சொல்லியும் நர்ஸ் நிறுத்தவில்லை என்று நானே எழுதிக் கொடுத்தால் கதை வேறு. என் உரிமம் போகலாம். பத்து வருஷம் ஆன்டி. வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். உளையுது என்று சொன்னீர்கள், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், சரி. நான் தோளைத் தட்டியபோது, "மனசு இல்ல, கை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கையை இழுத்திருக்கலாமே. சால்வையைத் தூக்கிப் போட்டிருக்கலாமே. முப்பத்தொரு வருஷம் ஊராரின் பிழையைத் திருத்தினவருக்கு, எதிரில் நிற்கிற என் பிழையைத் திருத்தத் தோன்றவில்லையா?

இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னதுபோல அழிக்கவில்லை.

உங்கள் உயிரை என் கையொப்பத்தில் கட்டித் தொங்கவிடாதீர்கள். இது நியாயமில்லை.

தாமரை


பிரிக்ஃபீல்ட்ஸ்,
29.4.2024

பிள்ளை,

நீர் கேட்டது சரியான கேள்வி. என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. மூன்று நாள் யோசித்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சீனப் பெண் இருந்தாள், உமக்கு ஞாபகம் இருக்கும். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் ஒரு முடி இல்லை. ஏதோ நாடகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். நீர் "பயப்படாதீங்க ஆன்டி" என்று சத்தமாகச் சொன்னபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் நான் பயந்தவள் என்றாகிவிடும். ஆகவே இறுக்கி மூடிக்கொண்டேன். கை வேகும்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இதை நான் கௌசிகனுக்கும் சொல்லவில்லை. பிழை முழுவதும் உம்முடையது என்று இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நிபந்தனையை விட்டுவிடும். உம்முடைய வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கும் இல்லை, கௌசிகனுக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நாற்காலிக்கும் நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, களைத்துவிட்டேன். மே இருபதாம் தேதி டாக்டர் விமலனைப் பார்த்து, போதும் என்று சொல்லப் போகிறேன்.

நீர் நல்ல பிள்ளை. ல, ள மட்டும் பார்த்து எழுதும்.

புனிதவதி


கிள்ளான்,
8 மே 2024

அன்புள்ள ஆன்டி,

இதோடு இருக்கிற காகிதத்தை முதலில் பாருங்கள். உங்கள் மருத்துவக் குறிப்பின் அதே பக்கம். மேலே உள்ளது எதுவும் அழிக்கப்படவில்லை. கீழே உள்ளது 6 மே தேதியிட்டு நான் எழுதியது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அந்த ஒரு சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ள சரியாக இருக்கிறதா பாருங்கள்.

நீங்கள் நிபந்தனையை எடுத்துவிட்ட பிறகுதான் என்னால் எழுத முடிந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் அந்தச் சீனப் பெண்ணைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, "பதற்றம்" என்ற அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

விசாரணை நடந்ததைச் சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் மேட்ரன் லிம், சிஸ்டர் நோராய்னி, நிர்வாகத்திலிருந்து ஒருவர். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் நோராய்னி, "உளையுது என்றால் என்ன?" என்று கேட்டார். எனக்கு மலாயிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. வலி என்றால் இல்லை, அசதி என்றாலும் இல்லை. கடைசியில் என் முன்கையை மேலும் கீழும் அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். உடனே அவர், "அலமா, லெங்கு!" என்றார். நாள் முழுக்கத் துணி துவைத்தால் கை எப்படி இருக்குமோ, அதை மலாயில் லெங்கு என்பார்களாம். மேட்ரன் லிம் மெதுவாக, "எங்க ஹொக்கியன் சீனத்துல கை புளிக்குதுன்னு சொல்வோம். எங்கம்மா இப்பவும் அதான் சொல்றாங்க" என்றார்.

மேசையில் இருந்த எல்லாருக்கும் அதற்கு ஒரு சொல் இருந்தது. எங்கள் படிவத்தில் மட்டும் இல்லை. அதில் பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்தான் இருக்கிறது.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உரிமம் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மறுபடி பயிற்சி முடித்துத் தேறும்வரை மருந்து ஏற்றும் வார்டுக்கு வரக் கூடாது. கிள்ளானில் இருக்கிற எங்கள் மருத்துவமனையின் கிளினிக்குக்கு, மருந்து ஏற்ற நோயாளிகளின் கையில் வைக்கிற குழாயைப் பராமரிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வார்டில் ஒரு புது வழக்கமும் வந்திருக்கிறது. மருந்து தொடங்கும் முன் ஒவ்வொரு நோயாளியிடமும், "உங்க வீட்ல உடம்பு வலியை எப்படியெல்லாம் சொல்வீங்க?" என்று கேட்டு, அந்தச் சொற்களை அப்படியே எழுதி ஊசி இருக்கும் கைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். கையை இனி யாரும் போர்வையால் மூடுவதில்லை. கால்களுக்கு இரண்டு போர்வை கொடுக்கிறார்கள்.

இப்போது குழாய் விஷயம். உங்களுக்கு இனி முன்கையில் ஊசி வேண்டாம் என்று டாக்டர் விமலன் முடிவு செய்துவிட்டார். அதே வலது கையில், காயத்துக்கு நன்றாக மேலே, மேற்கையின் உள்பக்கம் ஒரு பெரிய நரம்பு இருக்கிறது. அது வழியாக நூடுல்ஸ் அளவு மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். அதன் நுனி இதயத்துக்குச் சற்று மேலே போய் நிற்கும். அங்கே இரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்துவிடும், சதையைத் தொடவே தொடாது. ஒருமுறை வைத்தால் நாலு சுற்றும் முடியும்வரை இருக்கும். ஒவ்வொரு தடவையும் நரம்பு தேடிக் குத்துவது கிடையாது. வாரம் ஒருமுறை கட்டு மாற்றி, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இருபதாம் தேதி டாக்டரிடம் போதும் என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் குழாயை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் போய்விடக் கூடாது ஆன்டி. நான் இதைக் குற்ற உணர்ச்சியில் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வராத வாரம் எனக்கு நன்றாக இல்லை.

தாமரை


பிரிக்ஃபீல்ட்ஸ்,
24.5.2024

தாமரைப் பிள்ளைக்கு,

காகிதம் கிடைத்தது. ள சரியாக இருக்கிறது. அதை எடுத்து என் பிறப்புப் பத்திரம் இருக்கிற கோப்பில் வைத்தேன்.

இருபதாம் தேதி டாக்டரிடம் போனேன். போதும் என்று சொல்லத்தான் போனேன். பிறகு, நீர் சொன்னீரே என்று, குழாயைக் காட்டச் சொன்னேன். அவர் ஒன்றை உறையோடு தந்தார். அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். அது உடைந்தால் என்ன, அடைத்தால் என்ன, குளிப்பது எப்படி, காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வது. மனிதர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "ஆன்டி, வேணாம்னு நினைக்கிறவங்க இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்றார். அப்படியானால் நாளைக்கே வையுங்கள் என்றேன்.

மறுநாளே வைத்தார்கள். வைத்தவர் ரிஷி என்ற நர்ஸ், உமக்குத் தெரிந்திருக்கும். ஸ்கேன் கருவியில் என் நாளத்தைக் காட்டினார். நாளம் என்று சொல்லப் பழகும், நரம்பு வேறு. கறுப்பாக ஒரு வட்டம், அழுத்தினால் மூடுகிறது, விட்டால் திறக்கிறது. அறுபத்தாறு வருடம் என்னோடு இருந்ததை முதல் தரம் பார்த்தேன். முதலில் ஊசி போட்டு அந்த இடத்தை விறைக்க வைத்ததால் குழாயைத் தள்ளியது மட்டும்தான் தெரிந்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்து, நுனி சரியான இடத்தில் நிற்கிறது என்றார்கள். எண்ணிப் பார்த்தால் எல்லாம் ஒரு மணி நேரம்.

இருபத்திரண்டாம் தேதி அதே நான்காவது மாடி, அதே நாற்காலி. பயந்தேன். உமக்கு எழுதுவதால் எழுதுகிறேன், பயந்தேன். ஒரு மலாய்ப் பிள்ளை வந்து என் சொற்களைக் கேட்டாள். நோவு, உளைவு, எரிவு என்று மூன்றைச் சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுத வைத்தேன். ளவுக்கு அவர்களிடம் எழுத்து இல்லை என்பதால் வாயால் சொல்லிக் கொடுத்தேன். மருந்து ஓடி முடியும்வரை அவள் மூன்றையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாவது முடிந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாந்தி. இன்றுதான் கஞ்சி இறங்கியது. முன்கைக் காயம் மூடி வருகிறது, தோல் ஒட்டத் தேவையில்லை என்கிறார்கள். விரல்கள் விறைப்பாகத்தான் இருக்கின்றன, எழுதுவது பயிற்சியாக இருக்கிறது.

உம்முடைய கிளினிக் எப்படி இருக்கிறது? நீர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

புனிதவதி


கிள்ளான்,
28 மே 2024

அன்புள்ள ஆன்டி,

மூன்றாவது முடிந்தது என்ற வரியை, என்னோடு இந்தக் கிளினிக்குக்கு மாறி வந்திருக்கிற மலரிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் போன் போட்டும் படித்தேன். சந்தோஷத்தில் மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

கிளினிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன். இங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள், எல்லாருக்கும் உங்களைப் போன்ற குழாய். பழைய கட்டைப் பிரித்து, தோலைச் சுத்தம் செய்து, சிரிஞ்சால் உப்புத் தண்ணீர் விட வேண்டும். பத்து வருஷம் செய்த வேலைதான். ஆனால் சிரிஞ்சை எடுத்ததும் என் கை நடுங்குகிறது ஆன்டி. தள்ளும்போது தண்ணீர் எங்கே போகிறது, உள்ளேதான் போகிறதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மூன்று வாரமாக ஏதாவது சாக்குச் சொல்லி மலரையே செய்ய வைத்துவிட்டு, நான் கட்டை மட்டும் பிரிக்கிறேன். அவளும் எத்தனை நாள் பொறுப்பாள்? பதிவு மேசை வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

மார்ச் ஐந்தாம் தேதி கெட்டுப்போனது உங்கள் கை மட்டும் இல்லை போலிருக்கிறது.

உங்கள் வாராந்தரக் கட்டு மாற்றலுக்கு பெட்டாலிங் ஜெயாவிலேயே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பக்கம். ரிஷி நன்றாகச் செய்வார். இங்கே வர வேண்டாம்.

அன்புடன்,
தாமரை


பிரிக்ஃபீல்ட்ஸ்,
1.6.2024

தாமரைப் பிள்ளைக்கு,

எழுதி வைத்திருக்கிற அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம்.

நேற்று பெட்டாலிங் ஜெயாவுக்குப் போன் செய்து, என் கட்டு மாற்றலை அடுத்த வாரத்திலிருந்து கிள்ளானுக்கு மாற்றச் சொன்னேன். "அது தூரம் ஆன்டி, இங்கேயே கிட்ட இருக்கே" என்றாள் அந்தப் பெண். எனக்கு அங்கேதான் வசதி என்றேன். எந்த நர்ஸ் என்று எழுதுகிற இடத்தில் உம்முடைய பெயரைப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னேன். பக்கிரிசாமியில் ஒரு எழுத்து விட்டுவிட்டாள், திருத்தினேன்.

வியாழக்கிழமை காலை கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறுவேன். கிளினிக்குக்கு வந்து பத்து மணிக்கு உமக்கு முன்னால் உட்கார்வேன். மலரைக் கூப்பிட வேண்டாம். சட்டைக் கையை மடித்துக்கொண்டே வருகிறேன், மேலே எதையும் போர்த்தப் போவதில்லை. உம்முடைய கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம். எனக்கு ஏதாவது செய்தால் உடனே சொல்லுவேன், உமக்கு விளங்கும்வரை சொல்லுவேன், யார் திரும்பிப் பார்த்தாலும் சொல்லுவேன்.

உம்முடைய கை நடுங்கினால் நடுங்கட்டும். நின்ற பிறகு தொடங்கும், நான் இருப்பேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை பிள்ளை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது என்று இன்னும் மூன்று இருக்கிறது. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன், எட்டு வியாழக்கிழமை வருகிறது.

புனிதவதி